காஸ்ட் தரிப்புமேடை (மைன்கிராஃப்ட்)

தரிப்புமேடை என்பது மைன்கிராஃப்ட் என்னும் நிகழ்பட ஆட்டத்தில், ஹேப்பி காஸ்ட் எனப்படும் பறக்கும் ஊர்தி உயிரியில் ஏறவும் இறங்கவும், ஆட்டக்காரர் அருகில் இல்லாத வேளையில் அதனை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கவும் கட்டப்படும் மேடை ஆகும். இது ஆட்டத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் பொருள் அன்று. ஆட்டக்காரர்களே கட்டைகளை அடுக்கி அமைத்துக்கொள்வது. தோற்றத்தில் இது படகுத்துறையை ஒத்திருக்கும். எனினும் ஆட்டத்தில் வரும் படகு விட்ட இடத்திலேயே கிடக்கும். காஸ்ட் ஓர் உயிரி ஆதலால் தன்போக்கில் உலவும். எனவே ஏறி இறங்குவதற்கு இடம் தருவதைக் காட்டிலும், காஸ்ட்டை விலகிச் செல்லாமல் வைத்திருப்பதே தரிப்புமேடையின் முதன்மைப் பணியாகும்.

பின்னணி

மைன்கிராஃப்ட், சுவீடன் நாட்டைச் சேர்ந்த மொஜாங் நிறுவனத்தின் ஆட்டம் ஆகும். இதன் முழுமையான பதிப்பு 2011 நவம்பரில் வெளியானது. இதில் உலகம் முழுவதும் கனசதுரக் கட்டைகளால் ஆனது. ஒரு கட்டையின் பக்கம் ஒரு மீட்டர் எனக் கொள்ளப்படுகிறது. 2016 ஆம் ஆண்டு எலைட்ரா என்னும் இறக்கைகள் சேர்க்கப்பட்டன. அவை ஆட்டக்காரர் அணிந்துகொள்ளும் பொருள் என்பதால் அவற்றுக்குத் துறை எதுவும் தேவைப்படவில்லை.

2025 சூன் 17 அன்று வெளியான சேஸ் த ஸ்கைஸ் என்னும் இற்றைப்படுத்தலில் ஹேப்பி காஸ்ட் அறிமுகமானது. நெதர் எனப்படும் பாதாள உலகில் நெருப்புருண்டைகளை வீசித் தாக்கும் காஸ்ட் 2010 முதலே ஆட்டத்தில் உண்டு. ஹேப்பி காஸ்ட் அதன் சாதுவான உறவு எனலாம். சேணம் பூட்டப்பட்ட ஒரு ஹேப்பி காஸ்ட்டின் மீது நான்கு பேர் வரை அமரலாம். முதலில் ஏறுபவரே அதனைச் செலுத்துவார். இக்கட்டுரையில் இனி காஸ்ட் என்பது ஹேப்பி காஸ்ட்டையே குறிக்கும்.

இதனைப் பெறுவது எளிதன்று. நெதரில் உலர்ந்த காஸ்ட் என்னும் கட்டையைத் தேடி எடுக்க வேண்டும், அல்லது எட்டுக் காஸ்ட் கண்ணீர்த்துளிகளையும் ஓர் ஆன்மமணலையும் கொண்டு செய்ய வேண்டும். அதனை நீரில் இட்டால் ஏறத்தாழ 20 நிமிடங்களில் குஞ்சு தோன்றும். அது வளர மேலும் 20 நிமிடங்கள் ஆகும். பனியுருண்டை ஊட்டினால் சற்று விரையும். இவ்வளவு உழைப்பில் கிடைத்த காஸ்ட்டின் உயிர்ப்புள்ளிகள் 20 மட்டுமே. இறந்தால் மீட்க வழியில்லை.

காஸ்ட்டின் இயல்பு

ஆட்டக்காரர் இறங்கிச் சென்றபின், சேணம் பூட்டிய காஸ்ட் தான் விடப்பட்ட இடத்திலிருந்து 32 கட்டைத் தொலைவுக்குள் மெதுவாகச் சுற்றித் திரியும். இத்தொலைவு மேலும் கீழும் பொருந்துவதால், உயரமான மேடைக்குத் திரும்பி வருபவர் தம் காஸ்ட் எட்டாத உயரத்தில் மிதப்பதைக் காண நேரிடும். தரையிலாவது ஏணி கட்டி ஏறலாம். வானில் நிற்கும் மேடையில் அகப்பட்டவரின் நிலை கடினமானது.

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. ஆட்டக்காரர் காஸ்ட்டின் முதுகில் நின்றுகொண்டிருக்கும் வரை அது அசையாது. வெட்டவெளியில் மேடையின் முதற்கட்டைகளை வைப்பதற்கு இப்பண்பு பெரிதும் உதவுகிறது. காஸ்ட்டைக் கட்ட வேண்டிய மேடையைக் காஸ்ட்டின் மேல் நின்றே கட்டிவிடலாம். ஆட்டத்தில் மணல், சரளை போன்ற சில தவிர்ந்த ஏனைய கட்டைகள் தாங்கலின்றி நிற்பதால் தூண்கள் தேவையில்லை. பலர் அழகுக்காகவே தூண் அமைக்கின்றனர்.

அளவுகள்

காஸ்ட் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 4 கட்டை அளவுடையது. ஆகவே 4 கட்டை அகலமுள்ள இடைவெளி போதும் எனத் தோன்றலாம். ஆனால் மெதுவாகத் திரும்பும் இவ்வூர்தியை அத்தகைய இடைவெளிக்குள் பிழையின்றிச் செலுத்துவது மிகவும் கடினம். மேலும், ஆட்டம் மோதலைக் கணக்கிடும் பெட்டி காஸ்ட்டுடன் சேர்ந்து திரும்புவதில்லை. கண்ணுக்குத் தெரியும் உருவம் மட்டுமே திரும்புகிறது. 4 கட்டைச் சதுரத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 5.7 கட்டை ஆகும். எனவே 6 கட்டை அகலம் விட்டால், காஸ்ட் எப்பக்கம் திரும்பி நின்றாலும் அதன் உடல் சுவருக்குள் புதைந்தது போல் தோன்றாது.

இறங்கும் ஆட்டக்காரர் காஸ்ட்டின் முதுகின் மேல் நிற்பார். எனவே நடைதளம், காஸ்ட்டின் அடிப்பகுதி அமரும் தளத்தைவிட 4 கட்டை உயர்ந்திருத்தல் வேண்டும். அப்போது முதுகிலிருந்து நேரே நடந்து மேடைக்கு வந்துவிடலாம். தொடக்கத்தில் பலரும் குதிரை லாயத்தைப் போல இரண்டையும் ஒரே மட்டத்தில் அமைத்துவிட்டு, ஏறுவதற்குப் பின்னர் படிக்கட்டு தேடுகின்றனர். கூரை இடுவதாயின் காஸ்ட்டின் முதுகிற்கு மேல் 3 கட்டை வெளி இருப்பது நல்லது. அமர்ந்திருப்பவரின் தலை கூரைக் கட்டைக்குள் சென்றால் அவர் மூச்சுத்திணறித் துன்புறுவார்.

பிணைத்தல்

எளிய முறை, பிடிகயிற்றால் வேலிக்கம்பத்தில் கட்டுவது. ஆட்டக்காரர் முதுகை விட்டு நீங்கினால் காஸ்ட் நகரத் தொடங்கும் என்பதால், முதுகில் நின்றபடியே கயிற்றை மாட்டிக் கம்பத்தில் கட்டிவிட வேண்டும். அதற்கு வேலிக்கம்பம் நடைதளத்தின் விளிம்பிலேயே, கைக்கு எட்டும்படி இருத்தல் தேவை. பலர் கம்பத்தை அழகு கருதித் தளத்தின் நடுவில் நடுகின்றனர், அது பயன்படாது. புறப்படும் முன் கயிற்றை அவிழ்க்க மறக்கக்கூடாது.

கயிற்றில் கட்டிய காஸ்ட் சிறிது ஆடிக்கொண்டே இருக்கும். உண்மையான வான்கப்பல்களும் இதே சிக்கலைச் சந்தித்தன. 1931 இல் நியூயார்க்கில் கட்டி முடிக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சி வான்கப்பல்களைக் கட்டும் கம்பமாகக் கருதப்பட்டது. அவ்வுயரத்தில் வீசும் காற்றினால் அத்திட்டம் கைகூடவில்லை. மைன்கிராஃப்டில் காற்று இடர் செய்வதில்லை. ஊர்தியின் விருப்பமே இடர்.

மற்றொரு முறை, நான்கு பக்கமும் மேலும் கீழும் அடைத்த கொட்டகை. பறக்கும் உயிரி என்பதால் ஒரு பக்கம் திறந்திருந்தாலும் பயனில்லை. 6 கட்டை அகலமும் 7 கட்டை உயரமும் கொண்ட வாயிலை மூட பிஸ்டன்களும் ரெட்ஸ்டோன் இணைப்புகளும் வேண்டும். உழைப்பு மிகுதி என்றாலும், பல காஸ்ட்டுகளை வைத்திருப்போருக்கு இதுவே ஏற்றது.

பாதுகாப்பு

ஆட்டத்தில் 3 கட்டைக்கு மேற்பட்ட வீழ்ச்சியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் உயிர்ப்புள்ளி குறையும். முழு நலத்துடன் இருப்பவரும் காப்புக் கவசம் இன்றி 23 கட்டை உயரத்திலிருந்து விழுந்தால் இறப்பார். கவனமின்றி இறங்கும் விசையை அழுத்துவோர் பலர். எனவே மேடையின் கீழே நீர்ப்பரப்பு அமைப்பது சிறந்த காப்பாகும்; நீரில் விழுபவருக்கு அடிபடாது.

மூன்று நாட்கள் உறங்காத ஆட்டக்காரரைத் தேடி இரவில் ஃபேன்டம் என்னும் பறக்கும் பேய்கள் திறந்த வானிலிருந்து வரும். ஒளிபுகாத கூரை அவற்றைத் தடுக்கும். ஆனால் கூரை இட்டால் மேலிருந்து இறங்க இயலாது. பக்கவாட்டிலேயே நுழைய வேண்டும். கீழே பார்த்தபடி முன்னோக்கிச் செலுத்தினால்தான் காஸ்ட் தாழும் என்பதால், தொலைவிலேயே உயரத்தைக் குறைத்துவிட்டுப் பின் நேராக நுழைவது வழக்கம். மரத்தாலான மேடைக்கு மின்னலால் தீப்பிடிக்கும் இடர் உண்டு. 2021 இல் சேர்க்கப்பட்ட இடிதாங்கி ஒன்றை நட்டால், ஜாவா பதிப்பில் 128 கட்டைத் தொலைவுக்குள் விழும் இடியை அது ஈர்த்துக்கொள்ளும்.

காயமுற்ற காஸ்ட் தானே மெதுவாக நலம் பெறும். மழையிலும் முகில்களின் உயரத்திலும் இது விரைவாக நிகழ்கிறது. ஜாவா பதிப்பில் முகில்கள் 192 ஆம் மட்டத்தில் மிதக்கின்றன. அம்மட்டத்தில் கட்டப்படும் மேடை காஸ்ட்டுக்கு மருத்துவமனையாகவும் அமைகிறது. ஆயினும் அங்கிருந்து தவறினால் கீழுள்ள நீர்ப்பரப்பு மேடையைவிடப் பல மடங்கு அகலமாக இருத்தல் வேண்டும்.