காரின் புறமும் அகமும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஊர் வீதிகளிற் சற்று நடந்து செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். முற்றத்திலே கார் நிற்கும். வீட்டுத் தலைவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியும் கையுமாக நிற்பார். பிள்ளைகள் ஆளுக்கொரு துணியுடன் சுற்றிச் சுற்றி வருவர். கதவு, கண்ணாடி, சில்லு யாவும் பளபளக்கும். ஆனால், பொனற்றைத் திறந்து பார்ப்போர் எத்தனை பேர்? அங்கே பல்லாண்டுத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் மாவிலைச் சருகும் ஒன்றாய்த் திரண்டு கிடக்கும்.

இதனை அழகுக் குறைவென்று மட்டும் எண்ணலாகாது. எண்ணெயூறிய தூசியும் காய்ந்த சருகும் தீப்பற்றத்தக்கவை. அவை கிடப்பதோ கொதிப்பேறும் புகைக்குழாயின் அருகில். அன்றியும், எண்ணெய்க் கசிவோ பெற்றோல் குழாயின் வெடிப்போ அழுக்கினடியில் மறைந்திருந்தால் அதனைக் கண்டுகொள்வது எங்ஙனம்? 2020ஆம் ஆண்டிலிருந்து 2025ஆம் ஆண்டு வரை தனியார் கார்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், நம் நாட்டிற் பழைய கார்களே மேலும் பல காலம் உழைக்க நேர்ந்தது. முதுமையடைந்த உடலுக்கு அடிக்கடி பரிசோதனை வேண்டும் அன்றோ? எஞ்சினைத் துடைப்பதன் முதற்பயன் பளபளப்பன்று, குறையைக் கண்டறிதலே.

நாம் பட்ட பாடு

பல ஆண்டுகளின் முன் நம்மிடம் பழைய மொறிஸ் மைனர் ஒன்று இருந்தது. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குச் செல்லவேண்டுமென்று, முதல்நாள் மாலை தோட்டத்து ரப்பர்க் குழாயைப் பிடித்து எஞ்சின் முழுவதையும் நனைத்துக் கழுவினோம். மறுநாட் காலை பட்டுடுத்திய குடும்பத்தினர் யாவரும் ஏறி அமர்ந்தபின் வண்டி அசைய மறுத்தது. அயலிலிருந்த வயோதிப மெக்கானிக் வந்தார். டிஸ்ரிபியூற்றரின் மூடியைக் கழற்றி, உட்புறத்து ஈரத்தை உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்தார். எஞ்சின் உடனே உயிர்பெற்றது. "தம்பி, எஞ்சினுக்குத் தலை முழுக வார்க்கிறதில்லை, ஈரத் துணியாலை முகம் துடைச்சு விடுறதுதான் முறை" என்றார். அன்று அவர் கூறியதே இக்கட்டுரையின் சாரம்.

முதலில் ஆறட்டும்

சூடான எஞ்சினை ஒருபோதும் தொடலாகாது. கை சுடுவதோடு, குளிர்ந்த நீர் திடீரெனப் பட்டால் சூடேறிய வார்ப்பிரும்பு வெடிக்கவும் கூடும். முதல்நாளிரவு நிறுத்திய காரை மறுநாட் காலையில் துடைப்பதே உத்தமம். கைப்பிறேக்கை இழுத்து, திறப்பை எடுத்து வீட்டினுள் வைத்துவிடுக. சில கார்களில் எஞ்சின் நின்றபின்னும் றேடியேற்றர் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும் என்பதை மறத்தலாகாது. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுதல் நன்று.

அடுத்து, பற்றரியின் இணைப்பைக் கழற்றவேண்டும். கழிவு முனையை முதலிற் கழற்றி, இறுதியிற் பூட்டுக. இந்த ஒழுங்கு தவறின், சாவி காரின் உடலிற் பட்டுத் தீப்பொறி பறக்கும். புதிய கார்களில் இணைப்பைக் கழற்றினால் வானொலி முதலியவற்றின் நினைவு அழியக்கூடுமாதலால், காருடன் வந்த கைந்நூலை முன்னதாகப் பார்த்துக்கொள்க.

பற்றரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பின், ஒரு கோப்பை நீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்துப் பழைய பற்தூரிகையால் தேய்த்தால் அது நுரைத்து நீங்கும். கரைசல் பற்றரியின் துளைகளுட் செல்லலாகாது. கையுறையும் கண்ணாடியும் அணிக. பற்றரி வெளிவிடும் வாயு தீப்பற்றுமாதலால் அவ்விடத்திற் பீடி, சிகரெற் ஆகாது. இறுதியில் முனைகளுக்குச் சிறிது வாசலின் பூசுக.

துடைக்கும் முறை

சருகுகளை முதலிற் கையாற் பொறுக்குக. முன்கண்ணாடியின் அடியிலுள்ள நீரோடும் துளை வேப்பஞ்சருகால் அடைபட்டிருந்தால், மழைக்காலத்தில் நீர் காரினுட் புகும். எலிக்கூடு காணப்படின் எச்சரிக்கை தேவை. எலியின் சிறுநீரினால் எலிக்காய்ச்சல் பரவும். ஆதலால் கையுறையணிந்து, வாயையும் மூக்கையும் மூடி, கூட்டைக் கிருமிநாசினியால் நனைத்தபின் அகற்றுக. வயர்களை எலி கடித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்க.

பின்னர் பியூஸ் பெட்டி, ஒல்ரனேற்றர், காற்றுப் புகும் வாய், பழைய கார்களாயின் டிஸ்ரிபியூற்றர் ஆகியவற்றைப் பொலித்தீன் பைகளால் மூடிக் கட்டுக. எத்தனை பைகள் கட்டினோம் என்று எண்ணிக்கொள்வது அவசியம். ஐந்து கட்டினால் ஐந்தையும் அவிழ்க்கவேண்டும். மறந்த ஒன்று சூட்டில் உருகித் தீயை விளைவிக்கும்.

பெற்றோலால் எஞ்சினைத் துடைக்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. இது பெருந் தவறு. பெற்றோலின் ஆவி காற்றினும் கனமானது. நிலத்தோடு தவழ்ந்து சென்று, சற்றுத் தொலைவிலுள்ள அடுப்பிலும் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெயும் தகாது, அது ரப்பர்க் குழாய்களையும் பெல்ற்றையும் கெடுப்பதுடன் சூட்டிலே தீயும் பற்றும். நீரிற் கரையும் பிசுக்கு நீக்கியோ சவர்க்கார நீரோ போதுமானது. கீழிருந்து மேலாகப் பூசி, சில நிமிடம் ஊறவிட்டு, தூரிகையால் தேய்த்து, ஈரத்துணியைப் பிழிந்து மேலிருந்து கீழாகத் துடைத்தெடுக்கவேண்டும். வேகமாய்ப் பீறிடும் நீர் வேண்டாம். அது மின் இணைப்புகளுட் புகுந்துவிடும்.

துடைத்தபின் பொனற்றைத் திறந்தபடியே இரண்டு மணி நேரம் வெயிலில் உலரவிடுக. பைகளை எண்ணி அவிழ்த்து, துணிகளையும் தூரிகைகளையும் அகற்றி, பற்றரியைப் பூட்டியபின் எஞ்சினை இயக்குக.

ஹைபிரிட் வண்டி வைத்திருப்போர்க்கு ஒரு வார்த்தை. செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்களில் உயிரைப் போக்கவல்ல உயர் மின்னழுத்தம் உண்டு. அவற்றைத் தொடவும் வேண்டாம், நனைக்கவும் வேண்டாம். அத்தகைய வண்டியில் மேலுள்ள தூசியை உலர்ந்த துணியால் துடைப்பதோடு நிறுத்தி, மற்றதைப் பயின்றவரிடம் விட்டுவிடுக.

கிணற்றை மறவாதீர்

காரினின்றும் நீங்கும் அழுக்கு எங்கே போகின்றது? யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. நிலத்தில் ஊற்றியது வெகு விரைவில் நிலத்தடி நீரைச் சேரும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் குடிநீருக்கு அல்லற்பட்டதை நாம் அறிவோம். ஆகவே கிணற்றடியில் இவ்வேலையைச் செய்யலாகாது. எஞ்சினின் கீழ்த் தட்டமொன்றை வைத்து மரத்தூள் பரப்பினால் வடியும் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். றேடியேற்றரில் ஊற்றும் குளிர்விப்பு நீர் இனிப்பானது, ஆனால் நஞ்சு. சிந்தியதை உடனே துடைத்து, குழந்தைகளும் நாயும் அண்டாதபடி காத்துக்கொள்க.

வேலை முடிந்த அன்றிரவு, இப்பத்திரிகையின் பழைய தாள்கள் சிலவற்றை எஞ்சினின் கீழே விரித்து வையுங்கள். காலையில் அவற்றைப் பாருங்கள். கபில நிறக் கறையாயின் எஞ்சின் எண்ணெய். சிவப்பாயின் கியரினதோ ஸ்ரியரிங்கினதோ எண்ணெய். பச்சையோ இளஞ்சிவப்போ ஆயின் குளிர்விப்பு நீர். பெற்றோல் மணம் வீசினால் வண்டியைக் கிளப்பவே வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள். தாள் உலர்ந்து வெறுமையாய் இருந்தால், மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு நிம்மதியாகப் புறப்படலாம்.