ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்கு ஏன் சரியா 1 லிட்டர் தண்ணீர்? பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி சொல்லும் கணக்கு

வயிற்றுப்போக்கு என்றதும் மெடிக்கல் ஷாப்பில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்குகிறோம். ஆனால், 1 லிட்டருக்கான பாக்கெட்டை அப்படியே ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் குடிப்பவர்களும் உண்டு. ‘ஸ்ட்ராங்கா இருந்தா சீக்கிரம் சரியாகிடும்’ என்ற நினைப்பு. நடப்பது அதற்கு நேர்மாறு.

உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாப்படி 20.5 கிராம் பாக்கெட்டில் குளுக்கோஸ் 13.5 கிராம். கரைத்த பிறகு அது லிட்டருக்கு 0.075 மோல் இருக்க வேண்டும். இந்த ‘லிட்டருக்கு எத்தனை மோல்’ என்பதுதான் மோலாரிட்டி.

அப்போ எவ்வளவு கரைசல் தயாரிக்கணும்? ரெண்டே ஸ்டெப். கிராமை மோலார் நிறையால் வகுத்தால் மோல்: 13.5 ÷ 180 = 0.075. அந்த மோலை மோலாரிட்டியால் வகுத்தால் கனஅளவு: 0.075 ÷ 0.075 = 1 லிட்டர். அவ்வளவுதான்.

சோடியம்தான் கொஞ்சம் குழப்பும். அதுவும் லிட்டருக்கு 0.075 மோல் வேண்டும். பாக்கெட்டில் இருக்கும் 2.6 கிராம் உப்பை 58.5-ஆல் வகுத்தால் 0.044 மோல்தான் வருகிறது. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் விடை சுமார் 0.6 லிட்டர். தப்பு! மீதி சோடியம் 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட்டில் இருக்கிறது. அதன் ஒரு மோலில் 3 மோல் சோடியம். அதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 0.075 வந்துவிடும், விடையும் 1 லிட்டர்.

சரி, 200 மில்லி டம்ளரில் கொட்டினால்? செறிவு 5 மடங்கு. கரைந்திருக்கும் துகள்களின் மொத்த அளவு லிட்டருக்கு 245 மில்லிமோல் இருக்க வேண்டியது 1,225 ஆகிவிடும். நம் ரத்தத்தில் இது 290-ஐ ஒட்டித்தான். தண்ணீர் எப்போதும் செறிவு அதிகமான பக்கம் போகும். அதாவது, உடம்பிலிருந்து குடலுக்கு! வயிற்றுப்போக்கு கூடும், ரத்தத்தில் சோடியமும் எகிறலாம். கைக்குழந்தைகளுக்கு இது ரொம்ப ஆபத்து. பழைய ஃபார்முலாவில் 311 ஆக இருந்த அளவையே 2002-ல் 245 ஆகக் குறைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் அதிகமானால் உப்பும் சர்க்கரையும் போதாமல் போகும். ஒரு டம்ளர் மட்டும் போதும் என்றால் 200 மில்லிக்கான சின்ன பாக்கெட் கடையிலேயே கிடைக்கிறது. பெரிய பாக்கெட்டைக் கண் அளவில் பிரிக்க வேண்டாம். கலக்கியதில் 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள்.