தாமதம் எங்கே இருக்கிறது?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. இவ்வாண்டு அறிவியல் கண்காட்சிக்கு ஆயத்தமானபோது நாங்களும் ஏறத்தாழ அப்படித்தான் நடந்துகொண்டோம். கணினி வேலை மெதுவாக நடந்தது. பழியை இணைய இணைப்பின் மேல் போட்டோம். அது தவறு என்பதை எவ்வாறு அறிந்தோம் என்பதையே இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம்.

எங்கள் குழுவினர் அறுவர். நம் மாவட்டத்தின் மழையளவை வண்ண வரைபடமாக வரைந்து காட்டுவது எங்கள் திட்டம். அதற்கு ஏற்ற மென்பொருள் க்யூ.ஜி.ஐ.எஸ். என்பது. ஆனால் நம் ஆய்வுக்கூடக் கணினிகளில் 2 ஜி.பி. நினைவகம்தான் உண்டு. பெரிய வரைபடத்தைத் திறந்தால் அவை அப்படியே நின்றுவிடும். நம் பள்ளியின் முன்னாள் மாணவியான ஓர் அக்கா, ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் உள்ள ஒரு சர்வரைத் தம் பணிக்காக வாடகைக்கு வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளிலும் மாலை வேளைகளிலும் அதை நாங்கள் பயன்படுத்திக்கொள்ள அன்புடன் இசைந்தார். மென்பொருள் அங்கே ஓடும். அதன் திரை மட்டும் இங்கே தெரியும். இடையே செல்லும் செய்தியைப் பிறர் படிக்க முடியாமல் பூட்டி அனுப்புவது எஸ்.எஸ்.எச். என்னும் முறை. இது 1995-இல் பின்லாந்து நாட்டில் டாட்டு யுலோனென் என்பவர் உருவாக்கியது.

மகிழ்ச்சியோடு தொடங்கினோம். ஆனால் மென்பொருள் திறக்கவே 50 வினாடி ஆயிற்று. ஒரு பட்டியலைச் சொடுக்கினால் அது விரிய மூன்று வினாடி. வரைபடத்தைச் சற்று நகர்த்தினால் படம் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. ஒரு மாலை முழுவதும் உழைத்து ஒரே ஒரு வட்டத்திற்கு மட்டும் வண்ணம் தீட்டினோம். கண்காட்சிக்கோ பன்னிரண்டு நாட்களே இருந்தன. ஆகவே, இருமடங்கு வேகமுள்ள இணைப்பு வாங்கித் தருமாறு பெற்றோர் ஆசிரியர் கழகத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதி, தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களிடம் கொண்டுபோனோம்.

சிஸ்டர் அதைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "வேகம் போதவில்லை என்று அளந்து பார்த்தீர்களா?" நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாதந்தோறும் கட்டணம் கட்டப்போகிறவர்கள் நம் பெற்றோர்கள் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

நான்கு இடங்கள்

கணினி ஆசிரியை எங்களுக்கு வழி காட்டினார்கள். இத்தகைய வேலையில் தாமதம் நான்கு இடங்களில் ஒளிந்திருக்கலாம்: நம் முன் உள்ள கணினி, தொலைவில் உள்ள சர்வர், இடையே உள்ள பாதையின் அகலம், அந்தப் பாதையில் ஒரு முறை போய்வர ஆகும் நேரம். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

முதலில் சர்வரைப் பார்த்தோம். 'டாப்' என்ற கட்டளை எந்த மென்பொருள் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும். எங்கள் மென்பொருள் அங்கே பெரும்பாலும் சும்மா காத்துக்கொண்டிருந்தது. ஆகவே சர்வர் குற்றவாளி அன்று.

அடுத்து பாதையின் அகலம். 100 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பை அங்கிருந்து இங்கே நகலெடுத்தோம். 20 வினாடியில் வந்து சேர்ந்தது. அதாவது வினாடிக்கு 5 மெகாபைட். பட்டியல் ஒன்றை விரிக்க இதில் சிறு பங்குகூடத் தேவையில்லை.

மூன்றாவதாக, போய்வரும் நேரம். 'பிங்' என்ற கட்டளை ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று சொல்லும். 160 மில்லி வினாடி என்று வந்தது. ஆறு முறை போய்வந்தால் ஏறக்குறைய ஒரு வினாடி.

இறுதியாக ஒரு சோதனை செய்தோம். அதே மென்பொருளை ஆய்வுக்கூடத்தின் ஒரு கணினியில் வரைபடம் ஏதுமின்றி ஓடவிட்டு, அதே எஸ்.எஸ்.எச். முறையில் அடுத்த கணினியின் திரையில் பார்த்தோம். அங்கே போய்வர ஒரு மில்லி வினாடிகூட ஆகாது. எட்டே வினாடியில் திறந்தது! நம் கணினியும் குற்றவாளி அன்று என்பது தெளிவாயிற்று. மீதி 42 வினாடியும் வழியில் நடந்த நேரம். 42-ஐ 0.16-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 260. அப்படியானால் ஒரு மென்பொருள் திறப்பதற்குள் செய்தி 260 தடவை பிராங்பர்ட்டுக்கும் நமக்கும் போய்வந்திருக்கிறது!

ஏன் இத்தனை நடை?

அம்மா தம்பியைப் பலசரக்குக் கடைக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். "உப்பு இருக்கிறதா, கேட்டு வா" என்கிறார். வந்து சொன்னதும், "என்ன விலை, கேட்டு வா" என்கிறார். பிறகு, "புளி இருக்கிறதா?" இவ்வாறு இருபது முறை அனுப்பினால், தெரு எவ்வளவு அகலமாக இருந்தாலும் சமையலுக்கு நேரமாகிவிடும். ஒரே சீட்டில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு நடையில் முடிந்திருக்கும்.

லினக்ஸ் கணினிகளில் நெடுங்காலமாகத் திரையை வரையும் முறை எக்ஸ் விண்டோ என்பது. இது 1984-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் ஆகியோரால் தொடங்கப்பட்டது. அதன் பதினொன்றாம் பதிப்பு 1987-இல் வந்தது. இன்றும் அதுவே வழக்கில் உள்ளது. "இங்கே கோடு போடு" என்பன போன்ற ஆணைகளை மென்பொருள் வரிசையாக அனுப்பலாம். அவற்றுக்குப் பதில் வேண்டியதில்லை. ஆனால் "இந்த எழுத்துரு உண்டா?", "சாளரம் எங்கே இருக்கிறது?" என்பன போன்ற கேள்விகளுக்குப் பதில் வரும்வரை அது காத்திருக்கும். ஒரே வளாகத்துக் கணினிகளுக்கிடையே இந்தக் காத்திருப்பு கண்ணுக்கே தெரியாது. கண்டம் விட்டுக் கண்டம் போகும்போதுதான் தெரிகிறது.

அதிக வேக இணைப்பு இந்த நடையைக் குறைக்குமா? குறைக்காது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. செல்லும். சென்னையிலிருந்து பிராங்பர்ட் நேர்கோட்டில் ஏறத்தாழ 7,600 கி.மீ. போய்வர 15,200 கி.மீ. ஆகவே 76 மில்லி வினாடிக்குக் குறைவாக எவரும் போய்வர இயலாது. கேபிள்கள் சுற்றிச் செல்வதால் உண்மையில் இன்னும் கூடும். எவ்வளவு பணம் கட்டினாலும் ஒளியை ஓடு என்று விரட்ட முடியாதல்லவா?

மருந்துகள்

நோய் தெரிந்தபின் மருந்து தேடினோம். எஸ்.எஸ்.எச். கட்டளையில் பெரிய 'சி' எழுத்தைச் சேர்த்தால் செய்திகளைச் சுருக்கி அனுப்பும். அதனால் வரைபடத்தை நகர்த்துவது ஓரளவு சீரடைந்தது. காரணம், இக்கால மென்பொருள்கள் பெரும்பாலும் படத்தைத் தாமே வரைந்து புள்ளி புள்ளியாக அனுப்புகின்றன. நம் திரையில் 1366 × 768 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட். ஆக ஒரு திரைக்கு ஏறத்தாழ 42 லட்சம் பைட். சுருக்கினால் அந்தச் சுமை குறையும். ஆனால் பட்டியல் விரிய அதே மூன்று வினாடிதான். சுமை குறைந்ததே தவிர, நடை குறையவில்லை.

நடையைக் குறைத்தது வி.என்.சி. என்ற முறை. இது 1990-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் உருவானது. இதில் திரை ஒன்று சர்வருக்குள்ளேயே கற்பனையாக அமைகிறது. மென்பொருள் தன் கேள்விகளையெல்லாம் அங்கேயே கேட்டு அங்கேயே பதில் பெறுகிறது. நமக்கு வருவது மாறிய பகுதிகளின் படம் மட்டுமே. பட்டியல் இப்போது அரை வினாடிக்குள் விரிந்தது! எக்ஸ்2கோ, எக்ஸ்பிரா ஆகியவையும் நடையைக் குறைக்கின்றன. வி.என்.சி.யில் வேறொரு நன்மையும் கண்டோம். முன்பு ஒரு நாள் மின்தடை வந்தபோது மென்பொருளும் மூடிக்கொண்டு, அரைமணி நேர வேலை போயிற்று. இப்போது மின்சாரம் போனாலும் வேலை அங்கே விட்ட இடத்திலேயே காத்திருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்கலாகாது: பழைய வி.என்.சி. தானாகச் செய்தியைப் பூட்டாது. ஆகவே அதை எஸ்.எஸ்.எச். வழியாகவே அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் சிறந்த மருந்து எளியது. படத்தைப் பார்த்துத் திருத்த வேண்டிய இடத்தில் மட்டும் திரையைப் பயன்படுத்தினோம். முழு வரைபடத்தையும் பெரிய அளவில் உருவாக்கும் வேலையைக் கட்டளையாகச் சர்வரிடம் ஒப்படைத்துவிட்டு, முடிந்த படத்தைக் கோப்பாக எடுத்துக்கொண்டோம். ஒரே நடை!

வீட்டிலிருந்து அலுவலகக் கணினியில் பணிபுரியும் பெற்றோர்களுக்கும் இது பயன்படலாம். மெதுவாக இருந்தால் முதலில் 'பிங்' பாருங்கள். வை-ஃபையில் எண் குதித்துக் குதித்து மாறினால், கம்பி இணைத்து மறுபடி பாருங்கள். எண் நிலையாக இருந்தும் பெரிதாக இருந்தால் தொலைவே காரணம். அருகில் உள்ள சர்வரோ, நடை குறைந்த முறையோதான் உதவும். கோப்பு நகலெடுக்கவும் நெடுநேரமாகிறது என்றால் மட்டுமே அதிக வேக இணைப்பைப் பற்றி எண்ணலாம்.

கண்காட்சிக்கு மூன்று நாள் முன்பாகவே எங்கள் வரைபடங்கள் ஆயத்தமாயின. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று சொல்லச் சென்றபோது, சிஸ்டர் அதை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தந்தார்கள். அதை நாங்கள் கிழித்துப் போடவில்லை. அதன் பின்பக்கத்தில்தான் எங்கள் அளவுகளையெல்லாம் வரிசையாக எழுதி, வரைபடங்களுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தோம். தோழியரே, இனி எது மெதுவாக நடந்தாலும் முதலில் அளந்து பார்ப்போம். குறை சொல்வதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.