மன்னாருக்கு வருவோர் எதனை உண்டு செல்கின்றனர்?

வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்குச் செல்லும் ஒருவரிடம் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் இருக்கிறதோ இல்லையோ, உண்ண வேண்டிய உணவுகளின் பட்டியல் நிச்சயமாக இருக்கும். எலும்பை நெடுநேரம் கொதிக்க வைத்து வடித்த சாற்றில் அரிசி நூடில்ஸையும் இறைச்சித் துண்டுகளையும் இட்டுத் தரும் 'ஃபோ', பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த பாணைத் தமதாக்கிக் கொண்டு அதனுள் காய்கறியும் இறைச்சியும் வைத்துத் தரும் 'பான் மி', உடைந்த குறுணல் அரிசியில் ஆக்கப்படும் 'கொம் தம்', மெல்லிய அரிசித் தாளில் இறாலையும் பச்சிலைகளையும் சுற்றித் தரும் 'கொய் குவொன்' ஆகியன அப்பட்டியலில் முதலிடம் பெறுபவை.

இவற்றுட் பலவற்றில் பன்றி இறைச்சி சேர்க்கப்படுவதால் முஸ்லிம் பயணிகள் கேட்டறிந்தே உண்ண வேண்டியிருக்கிறது. ஆயினும் அதே நகரின் மையப் பகுதியில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935 ஆம் ஆண்டில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் உள்ளது. அதன் அயலில் ஹலால் உணவகங்களும் இருக்கின்றன. தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் அந்நகரிலேயே இருக்கிறது. எனவே நம்மவர்க்கு முற்றிலும் அந்நியமான ஊர் அதுவென்று கூறுவதற்கில்லை.

நாம் இங்கு நோக்க வேண்டியது வேறொன்று. 1975 இல் முடிவடைந்த நீண்ட யுத்தத்தினால் சிதைந்துபோன நாடு வியட்நாம். 1986 இல் பொருளாதாரச் சீர்திருத்தங்களைத் தொடங்கிய பின்னரே அது மெல்ல மெல்ல எழுந்து நின்றது. அவ்வாறு எழுந்தபோது, வீதியோரத்தில் அடுப்பு மூட்டிய சாதாரண மக்களின் உணவே உலகத்தவரை அந்நாட்டுக்கு அழைத்து வரும் காரணங்களுள் ஒன்றாயிற்று. பெயர்பெற்ற மிச்செலின் உணவக வழிகாட்டி 2023 இல் அந்நாட்டுக்குள் நுழைந்தபோது வீதியோரச் சிறு கடைகளும் அதன் பட்டியலில் இடம்பெற்றன.

இனி நமது மன்னாரைப் பார்ப்போம். தலைமன்னார் வரையிலான ரயில் சேவை 2015 இல் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டது. 2010 இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சேர்க்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்தில் பூநாரைகளைக் காண்பதற்கென்றே மாரிகாலத்தில் பலர் வருகின்றனர். திருக்கேதீச்சரத்துக்கும் மடுத் திருத்தலத்துக்கும் யாத்திரிகர்கள் வருகின்றனர். கோட்டையையும் பள்ளிமுனைப் பெருக்க மரத்தையும் பார்க்க வருவோரும் உளர். ஆனால் இவர்களுட் பெரும்பாலானோர் உண்டு செல்வது எதனை? நாட்டின் எந்த நகரிலும் கிடைக்கக்கூடிய பிரைட் ரைஸையும் கொத்துரொட்டியையுமே. மன்னாரின் உணவு மன்னாரின் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. அது கடைக்கு வரவில்லை. ஆகவே விருந்தினரின் இலைக்கும் வரவில்லை.

மன்னாரின் சமையலைக் கடல், பனை, குளம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஆக்கியுள்ளன எனலாம். பாக்குநீரிணையும் மன்னார் வளைகுடாவும் தீவின் இருபுறமும் இருந்து மீனைத் தருகின்றன. மழை குறைந்த இந்த மணல் நிலத்தில் பனை தழைக்கிறது. பெருநிலப்பரப்பிலோ அருவியாற்று நீரைத் தேக்கம் அணைக்கட்டின் வழியே பெறும் கட்டுக்கரைக் குளம் வயல்களுக்கு உயிரூட்டுகிறது. கட்டுக்கரை நெல் இல்லையேல் மன்னார்த் தீவின் மீன்கறிக்குச் சோறு இல்லை.

இந்த உறவு மிகப் பழமையானது. திருக்கேதீச்சரத்தின் அயலிலுள்ள மாந்தைத் துறைமுகத்தில் நடைபெற்ற அகழாய்வுகளில் நெல்லுடன் கோதுமை, மிளகு, கராம்பு என்பவற்றின் எச்சங்களும் கிடைத்திருக்கின்றன. கராம்பு அக்காலத்தில் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலிருந்தே வந்தாக வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உலகின் வாசனைத் திரவியங்களை நுகர்ந்த அடுக்களை மன்னாருடையது.

அந்த அடுக்களையிலிருந்து ஒரு பயணி தவறாது உண்ண வேண்டியவை எவை?

முதலாவதாகக் குறிப்பிட வேண்டியது ஒடியற்கூழ். பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து வெயிலில் உலர்த்தினால் அது ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியலை இடித்தெடுத்த மாவை நீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை வடித்துக் கசப்பை நீக்கிய பின்னரே சமையலுக்கு எடுப்பர். அரிசி, மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை ஆகியவற்றுடன் மீன் தலை, நண்டு, இறால் என்பனவும் பெரிய பானையில் வேகும். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளிக் கரைசலும் சேர்ந்தபின், ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றிக் கூழைத் தடிக்கச் செய்வர். பனையோலையில் மடித்த பிளாவில் அதைச் சுடச்சுடக் குடிப்பதே முறை. வட பகுதி முழுவதற்கும் பொதுவான உணவு இதுவாயினும், கடலும் பனையும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் மன்னாரில் இதற்கு வேண்டிய யாவும் ஒரே ஊரிற் கிடைக்கின்றன. மீன் உண்ணாதோருக்காகக் காய்கறி மட்டும் இட்டும் இதைக் காய்ச்சலாம்.

இரண்டாவது நண்டுக்கறி. மன்னார்க் கடலின் நீல நண்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாவது பலரும் அறிந்ததே. வறுத்து அரைத்த தூளுடன் தேங்காய்ப்பால் சேர்த்து, இறக்கும் தறுவாயில் முருங்கையிலையைத் தூவிச் சமைக்கும் கறிக்கு ஈடாக ஏற்றுமதிப் பெட்டியில் எதுவும் இல்லை. கணவாயை மை நீக்காது கறுத்த கறியாகச் சமைப்பதும் உண்டு. தோற்றத்தைக் கண்டு தயங்குபவர்கள் ஒரு கவளம் உண்டபின் தயங்குவதில்லை. இவற்றுக்கு ஏற்றது குத்தரிசிச் சோறு அல்லது அரிசிமாப் புட்டு. அவித்து உதிர்த்த சுறாவைத் தேங்காய்ப்பூவுடன் வறுத்தெடுக்கும் சுறா வறை, பிள்ளை பெற்ற தாய்மாருக்கு விசேடமாகக் கொடுக்கப்படுவது. அதுவும் சோற்றுக்கும் புட்டுக்கும் இசைந்ததே.

மூன்றாவது கருவாடு. மன்னார்க் கட்டாக் கருவாட்டுக்குக் கொழும்புச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. மீனைப் பிளந்து உப்பில் ஊறவைத்துக் கழுவி வெயிலில் உலர்த்தும் இத்தொழிலுக்கு மீனும் உப்பும் கடும் வெயிலும் வேண்டும். மூன்றும் மன்னாரில் உண்டு. தென்னிலங்கையிலிருந்து வருவோர் கருவாட்டுப் பொதியுடன் திரும்புவது வழமை. ஆனால் அதைக் கத்தரிக்காயுடன் குழம்பாக வைத்து, இங்கேயே ஒரு வேளை உண்டு செல்வோர் சிலரே.

நான்காவது இனிப்பும் சிற்றுண்டியும். பனம்பழக் களியை அரிசிமாவுடன் பிசைந்து பொரிக்கும் பனங்காய்ப் பணியாரம், அக்களியைப் பாயில் பரப்பி வெயிலில் உலர்த்திய பனாட்டு, ஓலைக் குட்டான்களில் வரும் பனங்கட்டி ஆகியன பனையின் கொடைகள். முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலம் சேர்த்து ஆவியில் அவிக்கும் வட்டிலப்பம் முஸ்லிம் வீடுகளின் கொடை. இன்று பெருநாளில் அயல்வீட்டுக்குச் செல்லும் தட்டில் அது இல்லாதிருப்பதில்லை. நோன்பு மாதத்தின் மாலைவேளைகளில் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் கஞ்சியும், ஒரே தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் சஹன் விருந்தும் இலங்கை முஸ்லிம்களின் விருந்தோம்பலுக்குச் சான்றுகள்.

உண்ணக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். கடற்பன்றி எனப்படும் ஆவுளியாவும் கடலாமையும் சட்டத்தினால் பாதுகாக்கப்பட்டவை. முன்னொரு காலத்தில் இவற்றின் இறைச்சி இக்கரையில் உண்ணப்பட்டது உண்மையே. இன்று எவரேனும் இரகசியமாகக் கொண்டுவந்து தர முன்வந்தாலும் அதனை மறுப்பதே பயணியின் கடமையாகும்.

மன்னாருக்கு வருவோர் நாளையும் பொழுதையும் அறிந்து வருதல் நன்று. வெள்ளிக்கிழமைகளில் இந்துக்களின் வீடுகளில் மரக்கறி உணவே இருக்கும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர் இறைச்சியை விலக்கி மீனை உண்பர். நோன்பு மாதத்தில் முஸ்லிம்களின் கடைகள் பகலில் மூடியிருக்கும். கடல்மீனுக்கு அறுக்கும் முறை வேண்டியதில்லை என்பதால், ஒரே சட்டியில் சமைத்த மீன்கறியை மூன்று சமயத்தவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண முடிகிறது. ஹோ சி மின் நகரில் ஒவ்வொரு கிண்ணத்தையும் கேட்டறிந்து உண்ண வேண்டிய முஸ்லிம் பயணிக்கு, மன்னாரின் கடலுணவுப் பந்தியில் அத்தகைய சங்கடம் பெரிதாக இல்லை.

இந்தப் பந்தி ஒருமுறை குலைக்கப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி முதலான மன்னார் ஊர்களின் மக்கள் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் சென்று அகதிகளாயினர். யுத்தத்துக்கு அஞ்சிய தமிழர்களோ வள்ளங்களில் இராமேஸ்வரம் சென்று மண்டபம் முகாமை அடைந்தனர். அயல்வீட்டுக்குத் தட்டுக் கொடுத்தனுப்பிய கைகள் ஆண்டுக்கணக்கில் நிவாரண அரிசிக்காக வரிசையில் நின்றன. ஓர் ஊரின் சமையல் ஏட்டில் எழுதி வைக்கப்படுவதன்று. பாட்டி செய்ய, பேத்தி அருகிருந்து பார்த்துக் கற்பது அது. பனையில்லாத முகாமில் பிறந்த பிள்ளை ஒடியல் மாவின் கசப்பை வடிக்கும் பக்குவத்தை எங்கே கற்றிருக்கும்? 2009 இல் யுத்தம் முடிந்து மக்கள் படிப்படியாகத் திரும்பினர். வீடுகள் கட்டப்பட்டன, வீதிகள் செப்பனிடப்பட்டன. சமையலை மீளக் கட்டுவது பற்றி எவரும் திட்டம் வகுக்கவில்லை.

மூலப்பொருளுக்கும் ஆபத்து உண்டு. கடலின் அடியை வாரியெடுக்கும் இழுவை மடிமுறை இலங்கையில் 2017 இல் சட்டத்தினால் தடை செய்யப்பட்டது. ஆயினும் அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகளின் பிரச்சினை தீரவில்லை. நண்டும் இறாலும் கணவாயும் கடலின் அடித்தளத்தைச் சார்ந்து வாழ்பவை. எனவே இம்முறையால் முதலில் அழிவனவும் அவையே. தீவின் மணலை அகழும் முயற்சிகளுக்கும் காற்றாலை விரிவாக்கத்துக்கும் எதிராக 2025 இல் மன்னார் மக்கள் போராடியதற்கும், இந்த நிலத்தையும் கடலையும் நம்பியே தமது உலை கொதிக்கிறது என்பதே அடிப்படை. மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே. ஆனால் பனையும் மணலும் மீனும் போன பின்னர் மன்னாரில் பயணி காண்பதற்கும் உண்பதற்கும் என்ன எஞ்சும் என்ற வினாவை அதிகாரிகள் தட்டிக்கழிக்க இயலாது.

செய்யக்கூடியவை பல உள. அவற்றுக்குப் பெருமுதலும் வேண்டியதில்லை. வட மாகாணத்தில் பெண்கள் நடத்தும் 'அம்மாச்சி' உணவகங்கள் உள்ளூர் உணவுக்கு வாடிக்கையாளர் உண்டென்பதை ஐயத்துக்கிடமின்றி நிரூபித்துள்ளன. அம்முறையில் தமிழ், முஸ்லிம் பெண்கள் ஒருங்கே பணியாற்றும் ஓர் உணவகம் மன்னார் நகரில் கடலுணவுக்கென்றே அமையுமாயின், அது வருமானத்துக்கு மட்டுமன்றி நல்லுறவுக்கும் வழிகோலும். தங்குவிடுதிகள் முதல்நாளே கேட்டறிந்து, அயலிலுள்ள குடும்பங்களிடமிருந்து கூழையும் புட்டையும் வரவழைக்கலாம். உணவுப் பட்டியலில் பிரைட் ரைஸுக்கு மேலே ஒடியற்கூழை எழுதுவதற்குச் செலவு ஏதும் இல்லை.

கருவாட்டுக்கு இன்னும் தூரம் செல்லலாம். வியட்நாமின் ஃபூ குவொக் என்னும் தீவில் நெத்தலியை உப்புடன் மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில் ஊறவைத்து மீன்சாறு வடிக்கின்றனர். அத்தீவின் பெயரை வேறெவரும் பயன்படுத்தாதவாறு ஐரோப்பிய ஒன்றியம் 2012 இல் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. இலங்கைக் கறுவாவுக்கு அதே ஒன்றியத்தின் பாதுகாப்பு 2022 இல் கிடைத்தது. நெத்தலியும் உப்பும் வெயிலும் மன்னார்த் தீவுக்கும் உண்டு. எனவே மன்னார்க் கருவாட்டுக்கும் பனங்கட்டிக்கும் அத்தகைய அடையாளத்தைக் கோருவது பற்றி மீனவர் சங்கங்களும் பனை சார்ந்த கூட்டுறவு அமைப்புகளும் சிந்திக்க வேண்டிய காலம் இது.

பயணிகளிடமும் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. மன்னாருக்கு வந்தால், 'இங்கு உங்கள் வீட்டில் என்ன சமைப்பீர்கள்?' என்று கேளுங்கள். கேட்பவர் இருந்தால் சமைப்பவர் இருப்பர்; சமைப்பவர் இருந்தால் கற்பவரும் இருப்பர். பூநாரைகள் ஒவ்வோராண்டும் தம் இரையைத் தேடி இக்கரைக்கு வருகின்றன. மனிதரும் அவ்வாறே உணவு தேடி வரக்கூடிய ஊராக மன்னார் ஆக வேண்டுமெனில், அதன் அடுப்புகள் எரிந்துகொண்டிருக்க வேண்டும்.