அம்மைப்பாலும் கொரோனா ஊசியும்

இலங்கையில் அம்மை குத்துதல் தொடங்கியது 1802-ஆம் ஆண்டில். முத்துமாரியம்மனைப் போற்றும் மாத்தளை மக்களுக்கு அம்மை நோயும் புதிதன்று. அதனைத் தடுக்கும் முறையும் புதிதன்று. அப்பெரியம்மை உலகினின்றே ஒழிந்ததென 1980-இல் அறிவிக்கப்பட்டது.

எனினும், 2021 ஜனவரி 29-இல் நம் நாட்டில் கொரோனாத் தடுப்பூசி தொடங்கியபின், தோட்டத்து முதியோர் சிலர் தயங்கவே செய்தனர். ஊசியினால் காய்ச்சல் கண்டால் ஒருநாட் சம்பளம் போய்விடுமே என்பது அவர்தம் கவலை. அதனை அறியாமை என்று எள்ளுதல் தகாது.

அவ்வாண்டு ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு அடைபட்டிருந்தது. கைத்தொலைபேசிக்கு அலை தேடி மேடேறிப் பாடங் கேட்ட மாணவரை நாம் அறிவோம். ஒக்டோபர் 21-இல் சிறிய ஆரம்பப் பாடசாலைகள் முதலில் திறந்தன. தயக்கத்தை வென்று முதியோர் நீட்டிய கரங்களும் அக்கதவைத் திறக்க உதவின. மாணவர்களே, அக்கடனை மறவாதீர்!