பழைய காரின் பம்பும் பழுதறியும் முறையும்

மாணவர்களே! பிரீமியர் பத்மினி என்னும் காரின் பெயரை உங்கள் வீட்டுப் பெரியோர் அறிந்திருப்பர். இத்தாலியின் ஃபியட் 1100 காரை அடிப்படையாகக் கொண்டு மும்பையின் குர்லாவில் உருவாக்கப்பட்ட இக்கார், 1970களில் இப்பெயரைப் பெற்றது. மும்பைச் சாலைகளில் 2023 அக்டோபர் வரை அது டாக்சியாக ஓடியது.

இத்தகைய பழைய கார் வழியில் நின்றுவிட்டால், பலரும் முதலில் எரிபொருள் பம்பையே குறை கூறுவர். ஆராயாமல் அதனைக் கழற்றி எறிதல் தவறு. உற்பத்தி நின்றுபோன காருக்குப் பொருத்தமான பம்பு எளிதில் கிடைக்காது. குறை வேறிடத்தில் இருந்தால் பணமும் வீணாகும், பழுதும் தீராது.

பம்பு இயங்கும் விதம்

பம்பினை நற்றமிழில் 'எக்கி' என்பர். பத்மினியின் பம்பிற்கு மின்சாரம் தேவையில்லை. எஞ்சின் சுழலும்போது கேம் தண்டின் அசைவு ஒரு நெம்புகோலை இயக்கும். நெம்புகோல், 'டயாபிரம்' என்னும் மெல்லிய சவ்வைக் கீழே இழுக்கும். அப்போது ஒரு வால்வு திறந்து, தொட்டியிலிருந்து பெட்ரோல் உள்ளே வரும். பின்னர் சுருள்வில் சவ்வை மேலே தள்ள, பெட்ரோல் மற்றொரு வால்வின் வழியே கார்புரேட்டருக்குச் செல்லும். நம் உடலிலுள்ள உதரவிதானம் தாழும்போது மூச்சு உள்ளே வருவதும், உயரும்போது வெளியேறுவதும் இதைப் போன்றதே. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் பெயர் ஒன்றே.

பழுதறியும் முறை

தொட்டியில் பெட்ரோல் உள்ளதா என்று முதலில் பார்த்தல் வேண்டும். அடுத்து, எஞ்சின் நன்கு ஆறிய பின், தீப்பொறி எழாதவாறு காயிலுக்குச் செல்லும் மின்கம்பியை மெக்கானிக் கழற்றிவிடுவார். கார்புரேட்டரில் பொருந்தும் பெட்ரோல் குழாயின் முனையைக் கழற்றி ஒரு கலத்தினுள் வைத்து, எஞ்சினைச் சுழற்றுவார். பெட்ரோல் விட்டுவிட்டுப் பீறிட்டு வந்தால் பம்பு பெரும்பாலும் நலமாக உள்ளது. குறையைக் கார்புரேட்டரில் தேடலாம்.

வராவிடில், தொட்டியிலிருந்து பம்பு வரையுள்ள வழியை ஆராய்தல் வேண்டும். மட்டாஞ்சேரி போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலம் முழுதும் ஓடாமல் நிற்கும் காரின் தொட்டியில் ஈரம் சேர்ந்து துரு பிடிக்கலாம். துருத்தூள் வடிகட்டியை அடைத்துவிடும். குழாய் இணைப்பு தளர்ந்திருந்தால் பெட்ரோலுக்கு மாறாகக் காற்று உறிஞ்சப்படும்.

வழி சீராக இருந்தும் பெட்ரோல் வராவிடில், அப்போதுதான் பம்பைக் கழற்ற வேண்டும். சவ்வு கிழிந்திருக்கலாம்; வால்வு சரியாக மூடாதிருக்கலாம். கிழிந்த சவ்வின் வழியே கசியும் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் கலக்கக்கூடும். எண்ணெயில் பெட்ரோல் மணம் வீசினால் காரை ஓட்டுதல் கூடாது. எண்ணெய் நீர்த்து எஞ்சின் தேய்ந்துவிடும்.

பெட்ரோல் எளிதில் தீப்பற்றும். ஆதலின் இச்சோதனையை நீங்கள் செய்யாதீர்கள். பெரியோர் செய்வதைத் தள்ளி நின்று காணுங்கள்.

பயிற்சி

1. பம்பைக் கழற்றும் முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்? வரிசைப்படுத்தி எழுதுக.
2. உங்கள் வீட்டில் பழுதான ஒரு பொருளின் குறையை எவ்வாறு கண்டறிவீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.