டாலரன்ஸுக்குள் வந்தால் போதுமா? எக்செலில் ஒரு கன்ட்ரோல் சார்ட்

ஒரு சி.என்.சி. பட்டறை. டர்னிங் செய்யும் தண்டின் விட்டம் 25.000 மி.மீ. இருக்க வேண்டும், கூடினாலும் குறைந்தாலும் 0.030 வரை பரவாயில்லை என்கிறது டிராயிங். காலை பதினொரு மணிக்கு அடுத்தடுத்து வந்த ஐந்து ஜாபை மைக்ரோமீட்டரில் அளக்கிறார்கள்: 25.012, 25.019, 25.016, 25.024, 25.019. ஐந்தும் டாலரன்ஸுக்குள்தான். ஷீட்டில் 'ஓகே' என்று எழுதிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள்.

இந்த ஐந்தின் சராசரி 25.018. இதே இயந்திரம் வழக்கமாகத் தருகிற சராசரி 25.004, அதன் திட்ட விலக்கம் சுமார் 0.0086 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இயந்திரம் இப்போது நகர்ந்துவிட்டது. இதே நிலையில் ஓடினால் நூறு ஜாபில் ஏறத்தாழ எட்டு, மேல் டாலரன்ஸைத் தாண்டும். அப்படித் தாண்டுகிற நிலையிலும், எடுத்துப் பார்க்கும் ஐந்துமே 'ஓகே'யாக வர மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. அளந்து பார்த்துப் பாஸ் செய்வது மட்டும் தரக்கட்டுப்பாடு ஆகாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இந்த நகர்வை அந்த மணி நேரத்திலேயே காட்டிக்கொடுப்பதுதான் கன்ட்ரோல் சார்ட். விலை உயர்ந்த மென்பொருள் இருந்தால்தான் போட முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டறைக் கணினியில் இருக்கும் எக்செல் போதும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் ஆகியவற்றிலும் போடலாம். கணக்கு எளிது, எந்த எண்ணை எங்கே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

நூறாண்டு பழைய யோசனை

1924 மே 16 அன்று, அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட், மேலதிகாரிக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்பினார். உலகின் முதல் கன்ட்ரோல் சார்ட் அதில்தான் இருந்தது. அவருடைய கருத்து இதுதான்: எந்த இயந்திரமும் ஒரே அளவைத் திரும்பத் திரும்பத் தராது. ஏற்ற இறக்கம் எப்போதும் இருக்கும். அதில் ஒரு பகுதி அந்த இயந்திரத்தின் இயல்பு. இன்னொரு பகுதி, இன்சர்ட் தேய்ந்தது, மூலப்பொருள் மாறியது, கிளாம்ப் தளர்ந்தது போன்ற தனிக் காரணத்தால் வருவது. இரண்டையும் பிரித்தறிய ஒரு கோடு வேண்டும்.

பி.சி. மகலனோபிஸின் அழைப்பின் பேரில் ஷூஹார்ட் 1947-48இல் இந்தியா வந்தார். இந்தியப் புள்ளியியல் நிறுவனம் வழியாக இந்த முறை நம் ஆலைகளுக்குப் பரவியது. சென்னையின் சுந்தரம் கிளேட்டன் 1998இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே. பெரிய நிறுவனங்களுக்குப் பாகம் செய்து தரும் சிறு பட்டறைகளிடமும் இன்று எஸ்.பி.சி. ஷீட், அதாவது இந்தச் சார்ட் உள்ள ஷீட், கேட்கப்படுகிறது.

ஷீட்டை அமைப்பது எப்படி?

ஒரு வரிசை என்றால் ஒரு முறை எடுத்த ஐந்து அளவுகள். தேதி, மணி, ஆபரேட்டர், இன்சர்ட் மாற்றிய நேரம் ஆகியவற்றுக்குத் தனித்தனி பத்திகள். பிறகு ஐந்து அளவுகள், அவற்றின் சராசரி, வீச்சு. ஐந்தில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வருவது வீச்சு. ஐந்தும் அடுத்தடுத்து வந்த ஜாபாக இருக்க வேண்டும். ஷிப்ட் முழுக்கப் பொறுக்கி எடுத்த ஐந்தாக இருந்தால், நாம் தேடும் நகர்வு வீச்சுக்குள்ளேயே கரைந்துவிடும்.

அளவை 25.012 என்று முழுதாக அடிப்பதைவிட, 25.000இலிருந்து எத்தனை மைக்ரான் விலகல் என்று 12 மட்டும் அடிப்பது நல்லது. தட்டச்சுப் பிழை குறையும். இன்னொரு நன்மையும் உண்டு. 2003க்கு முந்தைய எக்செல் பதிப்புகளில் திட்ட விலக்கம் கணக்கிடும் முறையில் குறை இருந்தது; முன்னிலக்கங்கள் நிறைய ஒன்றாக இருக்கும் எண்களில் விடை பிசகக்கூடும். சிறிய எண்களை அடித்தால் அந்தச் சிக்கலே எழாது.

இப்படி 25 வரிசை, அதாவது 125 அளவுகள் சேர்ந்ததும் எல்லைகளைக் கணக்கிடலாம். நம் எடுத்துக்காட்டில் சராசரிகளின் சராசரி +4 மைக்ரான். வீச்சுகளின் சராசரி 20 மைக்ரான். ஐந்து ஐந்தாக எடுக்கும்போது சராசரி சார்ட்டுக்குரிய மாறிலி 0.577. அதை 20ஆல் பெருக்கினால் சுமார் 11.5. +4உடன் இதைக் கூட்டினால் சராசரி சார்ட்டின் மேல் எல்லை +15.5, கழித்தால் கீழ் எல்லை −7.5. வீச்சு சார்ட்டின் மேல் எல்லைக்கு மாறிலி 2.114, விடை சுமார் 42.

பதினொரு மணி சராசரி +18. மேல் எல்லை +15.5. புள்ளி வெளியே நிற்கிறது. இன்சர்ட் தேயத் தேய வெளிவிட்டம் ஏறும் என்பது எந்த ஆபரேட்டருக்கும் தெரியும். இன்சர்ட்டைத் திருப்பிப் போடவோ மாற்றவோ வேண்டிய நேரம் இது. அளந்த ஐந்தில் ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகாதபோதே இது தெரிந்துவிட்டது.

சார்ட் வரைய, மேல் எல்லை, நடுக்கோடு, கீழ் எல்லை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பத்தி ஒதுக்கி, ஒரே எண்ணை எல்லா வரிசையிலும் நிரப்ப வேண்டும். சராசரிப் பத்தியோடு இவற்றையும் சேர்த்து லைன் சார்ட் போட்டால் சராசரி சார்ட் முடிந்தது; வீச்சுக்கும் இதேபோல் ஒன்று. ஃபார்முலாவை இழுக்கும்போது எல்லை இருக்கும் கட்டத்துக்கு டாலர் குறி போட மறந்தால், கீழே போகப் போகக் கோடு எங்கோ போய்விடும்.

இரண்டு சார்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது வீச்சு சார்ட்டை. சராசரியின் எல்லைகள் வீச்சிலிருந்து பிறந்தவை. வீச்சே கட்டுக்குள் இல்லையென்றால் அந்த எல்லைகளுக்குப் பொருள் இல்லை. எல்லைக்கு வெளியே போன புள்ளி மட்டும் எச்சரிக்கை அல்ல. தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்தாலும் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 1956இல் வெளியிட்ட கையேட்டின் விதிகளில் இதுவும் ஒன்று.

அடிக்கடி நேரும் தவறுகள்

முதல் தவறு, டிராயிங்கில் உள்ள டாலரன்ஸைச் சராசரி சார்ட்டில் கோடாகப் போடுவது. டாலரன்ஸ் வாடிக்கையாளர் கேட்பது. கட்டுப்பாட்டு எல்லை இயந்திரம் தரக்கூடியது. தனி ஜாபுக்கு உரியது முன்னது, ஐந்தின் சராசரிக்கு உரியது பின்னது.

இரண்டாவது, 125 அளவுகளுக்கும் சேர்த்துத் திட்ட விலக்கம் கண்டு, அதன் மும்மடங்கைச் சராசரி சார்ட்டில் எல்லையாக வைப்பது. எக்செலில் இது ஒரே ஃபார்முலாவில் வந்துவிடுவதால் பலரும் இதில் விழுகிறார்கள். ஐந்தின் சராசரி, தனி அளவைவிடக் குறைவாகவே ஆடும். இப்படிப் போட்டால் எல்லை இரு மடங்குக்கும் மேல் அகலமாகும். நம் எடுத்துக்காட்டில் மேல் எல்லை +30க்கு அருகே போய்விடும். +18 நல்ல பிள்ளையாக உள்ளே உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது, புதிய வரிசை சேரும்போதெல்லாம் எல்லை தானாக மாறும்படி விட்டுவிடுவது. இயந்திரம் மெல்ல நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். எச்சரிக்கை வரவே வராது. முதல் 25 வரிசையில் கண்ட எல்லையை மதிப்பாக மட்டும் ஒட்டி நிறுத்த வேண்டும். இயந்திரத்திலோ முறையிலோ உண்மையான மாற்றம் செய்த பிறகுதான் அதைத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

நான்காவது, அளக்கும் கருவி. 10 மைக்ரானுக்குக் குறைவான வேறுபாட்டைக் காட்டாத மைக்ரோமீட்டரை வைத்து, வீச்சே 20 மைக்ரான் உள்ள வேலைக்குச் சார்ட் போட முடியாது. டாலரன்ஸின் பத்தில் ஒரு பங்கையாவது கருவி காட்ட வேண்டும் என்பது நடைமுறை விதி. இங்கே மொத்த டாலரன்ஸ் 60 மைக்ரான். ஒரு மைக்ரான் காட்டும் கருவிதான் இதற்குச் சரி.

கட்டுக்குள் இருந்தாலும் போதாமல் போகலாம்

சார்ட் அமைதியாக இருக்கிறது என்பதால் வேலை பாதுகாப்பாக இருக்கிறது என்று ஆகாது. சராசரி வீச்சு 20ஐ 2.326ஆல் வகுத்தால் திட்ட விலக்கம் 8.6 மைக்ரான். டாலரன்ஸ் அகலம் 60. திட்ட விலக்கத்தின் ஆறு மடங்கு 51.6. வகுத்தால் வருவது 1.16; டாலரன்ஸுக்கு இயந்திரத்தின் திறன் போதுமா என்று காட்டும் சி.பி. இதுதான். நடுக்கோடு +4இல் இருப்பதால், அருகில் உள்ள மேல் டாலரன்ஸுக்கு மீதம் 26 மைக்ரான்தான். அதைத் திட்ட விலக்கத்தின் மும்மடங்கான 25.8ஆல் வகுத்தால் 1.01; இது சி.பி.கே. வாகனத் துறையில் வழக்கமாகக் கேட்கப்படும் குறைந்த அளவு 1.33. ஆஃப்செட்டில் நான்கு மைக்ரான் திருத்தி நடுவுக்குக் கொண்டுவந்தாலும் 1.16தான் கிட்டும். மீதியை ஆபரேட்டரால் தர முடியாது. ஸ்பிண்டில், சக், வெட்டும் வேகம் என்று நிர்வாகம் கைவைக்க வேண்டிய இடம் அது.

ஒவ்வொரு ஜாபுக்கும் ஆஃப்செட் மாற்றிக்கொண்டே இருப்பது இன்னும் மோசம். நிலையாக ஓடும் இயந்திரத்தில், ஒவ்வொரு முறையும் விலகிய அளவுக்கு எதிர்ப்பக்கம் திருத்தினால் திட்ட விலக்கம் 1.4 மடங்காகிவிடும் என்பது கணக்கில் நிறுவப்பட்டது. எல்லைக்குள் இருக்கும்போது கை வைக்காமல் இருப்பதும் தரக்கட்டுப்பாடுதான்.

அளக்க முடியாத, எண்ணிப் பார்க்கக்கூடிய குறைகளுக்கும் இதே வழி உண்டு. ஒரு ஃபவுண்டரியில் நாளுக்கு 200 வார்ப்பு. சராசரியாக 8 கழிவு. கணக்கிட்டால் மேல் எல்லை சுமார் 16 வரும். ஆகவே 14 கழிவு வந்த நாளில் மோல்டரைக் கூப்பிட்டுத் திட்டுவதில் பயனில்லை. அதே மணல், அதே உலை, அதே முறையில் 14உம் வரும், 3உம் வரும். 17 வந்தால் அன்றைக்கு என்ன மாறியது என்று தேட வேண்டும். எட்டையே நான்காக்க விரும்பினால் முறையை மாற்ற வேண்டும்.

ஷீட்டின் வரம்பு

யார் எப்போது எந்த எண்ணை மாற்றினார் என்பது சாதாரண எக்செல் கோப்பில் எளிதில் தெரியாது. எண் போலத் தெரிந்தாலும் எழுத்தாகப் பதிந்த கட்டத்தைச் சராசரி ஃபார்முலா சத்தமில்லாமல் விட்டுவிடும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில், பழைய எக்செல் வடிவத்தின் 65,536 வரிசை வரம்பு நிறைந்துபோனதால் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் உரிய நேரத்தில் பட்டியலில் சேராமல் போனது. எனவே ஃபார்முலா கட்டங்களைப் பூட்டுங்கள். அளவு அடிக்கும் கட்டத்தில் இதற்கு மேல், இதற்குக் கீழ் ஏற்காதே என்று வரம்பு வையுங்கள். மாதத்துக்கு ஒரு கோப்பு வையுங்கள். ஆண்டுக்கொரு முறை ஒரு வரிசையையாவது கையால் கணக்கிட்டுச் சரிபாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஷீட்டின் கடைசிப் பத்தி: 'என்ன செய்தோம்?' ஆடிட்டுக்கு முந்தைய நாள் உட்கார்ந்து நிரப்பிய ஷீட்டில் அந்தப் பத்தி காலியாகவே இருக்கும். தொடங்குபவர்கள் ஒரு மெஷின், ஒரு அளவு என்று தொடங்கட்டும். அளவை எடுப்பவரே மெஷின் பக்கத்தில் நின்று அடிக்கட்டும். புள்ளி வெளியே போனால் மெஷினை நிறுத்தும் அதிகாரத்தை முதலாளி அந்த ஆபரேட்டருக்கு முன்கூட்டியே தரட்டும். அந்த அதிகாரம் இல்லாத பட்டறையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் ரிஜெக்ஷனைக் குறைக்காது.